சுவிட்ச் இல்லாத கணினி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகர மனமில்லாமல் அங்கேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஆட்களை மீட்க ராணுவம் வந்தது.

அப்படியொரு இரவில், புஸ்ஸி வீதிப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் மாடியில் ஒரு சர்வர் பெட்டி யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி ஒன்றுதான். ஆனால் அதற்குள் ஐந்து கணினிகள் வேலை செய்கின்றன. ஒன்றில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிறது. இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் கோப்புகள். மூன்றாவது, வாசலில் இருக்கும் கைரேகைக் கருவியிலிருந்து வருகைப் பதிவை வாங்கிக்கொள்கிறது. நான்காவதில் ஒரு பழைய விண்டோஸ். பத்து வருடத்துக்கு முந்தைய மென்பொருள் ஒன்று அதில் மட்டுமே ஓடும் என்பதால் அதை விடவும் முடியவில்லை. ஐந்தாவது சும்மா சோதனைக்கு. பேட்டரி இன்னும் இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் ஐந்தையும் முறையாக அணைத்தாக வேண்டும். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இருப்பது லாஸ்பேட்டையில். தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

அவர் வீட்டிலிருந்தே அணைத்துவிடுகிறார். எப்படி? அந்த ஐந்துக்கும் உடம்பே கிடையாதே, சுவிட்ச் எங்கே இருக்கிறது?

“கிளவுடில் ஒரு கணினி வாடகைக்கு எடுத்திருக்கிறோம்” என்று யாராவது சொல்லும்போதும் இதே கேள்விதான் நம்மில் பலருக்கு எழுகிறது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒண்டுக் குடித்தனம்

ஒரு பெரிய வீடு. நான்கைந்து போர்ஷன்களாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாசல், தனி அடுப்பு. கிணறும் மோட்டாரும் மெயின் சுவிட்சும் பொது. அவற்றில் கை வைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும். ஒரு பெட்டிக்குள் பல கணினிகள் குடியிருப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் மெய்நிகராக்கம் என்று பெயர். உள்ளே குடியிருப்பது மெய்நிகர் கணினி. வீட்டுக்காரராக நடந்துகொள்ளும் நிரலை ஹைப்பர்வைசர் என்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நடத்திய ஆய்வு மையம் 1960களிலேயே சிபி-40 என்ற அமைப்பைக் கட்டி, ஒரே பெரிய கணினியைப் பதினான்கு பேருக்குப் பதினான்கு தனிக் கணினிகளாகக் காட்டியது. 1972இல் ஐபிஎம் அதன் வழித்தோன்றலை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. கணினி என்றால் ஒரு ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. பங்கிட்டுக்கொள்வதற்கு நல்ல காரணம் இருந்தது.

நம் மேசைக்கு வந்த இன்டெல் வகைச் சில்லுகளில் இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. ஏன் என்று பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் மெய்நிகராக்கத்தின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. குடித்தனக்காரர் மெயின் சுவிட்சில் கை வைத்தால் உடனே வீட்டுக்காரருக்கு மணி அடிக்க வேண்டும். அவர் வந்து, “உனக்கு மட்டும் அணைத்த மாதிரி வைத்துக்கொள்” என்று சமாளித்துவிடுவார்; மற்றவர்களுக்குப் பாதிப்பு இருக்காது. முழு இயந்திரத்தையும் தொடக்கூடிய ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படி மணி அடிக்க வேண்டும் என்று 1974இலேயே போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். பென்டியம் சில்லுகளை 2000இல் ஆராய்ந்தபோது, மணி அடிக்காத கட்டளைகள் 17 இருப்பது தெரிந்தது. அவற்றில் சில இன்னும் விஷமம்: குடித்தனக்காரர் சுவிட்சை அழுத்துவார், எதுவும் நடக்காது, நடக்கவில்லை என்று அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. அணைந்துவிட்டது என்ற நினைப்பில் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதன் பிறகு நடப்பதெல்லாம் குளறுபடி.

1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதை ஒரு சாமர்த்தியத்தால் தாண்டியது. உள்ளே ஓடும் நிரலை ஓடுவதற்கு முன்பே படித்து, ஆபத்தான கட்டளைகள் வரும் இடத்தில் பாதுகாப்பான மாற்றுகளை வைத்துவிட்டது. சில்லு தயாரிப்பாளர்கள் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்: இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் மணி அடிக்கும் வசதியைச் சில்லிலேயே வைத்தன. இன்று நீங்கள் வாங்கும் சாதாரண மடிக்கணினியிலும் அது இருக்கிறது.

சில்லு ஒத்துழைத்ததும் மென்பொருள் சுருங்கியது. ஆவி கிவிட்டி 2006இல் எழுதிய கேவிஎம் என்ற சிறு துண்டு, 2007 பிப்ரவரியில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதோடு லினக்ஸ் ஓடும் எந்தப் பெட்டியும் ஹைப்பர்வைசர் ஆகலாம் என்றாயிற்று. நம் ஆடிட்டர் அலுவலகப் பெட்டியில் இருப்பதும் அதுதான்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

தெருவுக்குத் தெரு பிரெஞ்சுப் பெயர் தொங்கும் ஊரில் உட்கார்ந்து எழுதும்போது இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேவிஎம் சில்லின் கதவைத் திறந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. குடித்தனக்காரருக்கு ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு, திரை எல்லாம் இருப்பது போலக் காட்டுவது கியூஎமு என்ற வேறொரு நிரல். அதை 2003இல் வெளியிட்டவர் ஃபப்ரீஸ் பெலார் என்ற பிரெஞ்சுக்காரர். யூடியூப் காலத்தின் முதுகெலும்பான எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைத் தொடங்கியவரும் இவரே. 2009 இறுதியில் வீட்டுக் கணினி ஒன்றை வைத்தே பை (π) என்ற கணித மாறிலியின் மதிப்பை 2.7 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டு அன்றைய உலக சாதனையை முறியடித்தார். இத்தனையும் பெரிய விளம்பரம் இல்லாமல்.

மற்றவர் டேனியல் வெய்யார். ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்தபோது, 2005இல், லிப்வெர்ட் என்ற நிரலகத்தைத் தொடங்கினார். ஹைப்பர்வைசர்கள் பலவகை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாஷை. எல்லாவற்றிடமும் ஒரே பாஷையில் பேச லிப்வெர்ட் ஒரு நடுவர். அந்த நடுவரிடம் நாம் பேச உதவும் சிறு கருவியின் பெயர் வெர்ஷ். இந்த அத்தியாயத்தின் கதாநாயகன் அதுதான்.

இப்போது முதல் கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடலாம். ‘டேலி’ என்ற மெய்நிகர் கணினி எங்கே இருக்கிறது? மூன்று துண்டாக இருக்கிறது. அதன் ஹார்டு டிஸ்க், பெட்டியின் நிஜ டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பு. அதற்கு எவ்வளவு நினைவகம், எத்தனை செயலி, எந்த நெட்வொர்க் என்ற ஜாதகம், ஒரு சிறிய உரைக்கோப்பு. அது ‘ஓடுகிறது’ என்றால், பெட்டியில் ஒரு கியூஎமு நிரல் ஓடுகிறது என்று பொருள். ஐந்து கணினிக்கு ஐந்து நிரல். அதன் பவர் பட்டனும் அந்த நிரலுக்குள்தான் இருக்கிறது. அதை அழுத்த விரல் போதாது. சேதி அனுப்ப வேண்டும்.

கறுப்புத் திரை எதற்கு

படம் போட்ட பட்டன்களோடு இதே வேலையைச் செய்யும் மென்பொருள்களும் உண்டு. பிறகு ஏன் இந்த ஆட்கள் கறுப்புத் திரையில் எழுத்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்? பந்தா என்று நினைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பந்தாவும் உண்டுதான்.

புயல் இரவுக்கே போவோம். வீட்டு பிராட்பேண்ட் போய்விட்டது. கையில் இருப்பது ஒற்றைக் கோட்டில் தள்ளாடும் மொபைல் ஹாட்ஸ்பாட். தொலைவிலுள்ள ஒரு திரையைப் படமாக இழுத்துக் காட்ட வேண்டுமென்றால், சுட்டி அசையும்போதெல்லாம் படம் புதிதாக வந்தாக வேண்டும். ஐந்து கணினிகளின் பட்டியலை எழுத்தாகக் கேட்டால் வரும் பதில் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது. சிக்னல் அறுந்து அறுந்து வந்தாலும் வந்து சேர்ந்துவிடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எழுத்தில் இட்ட கட்டளையை ஒரு கோப்பில் சேமித்து வைத்தால், நாளைக்கு அதையே இன்னொருவரும் இடலாம், இயந்திரமே தானாகவும் இடலாம். “மேலே மூன்றாவது பட்டனைத் தட்டி, வரும் பெட்டியில் இடப்பக்கம்…” என்று போனில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நிறுவுவது இரண்டு நிமிடம்

இந்த முறைக்குக் கட்டளை வரி என்று பெயர். அதற்கான கருவியை நம் தம்பியின் மடிக்கணினியில் நிறுவிப் பார்ப்போம். அதில் டெபியன் லினக்ஸ் இருக்கிறது. கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். உச்சரிப்பை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

அடிக்க வேண்டியது ஒரே வரி: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்வெர்ட்-கிளையன்ட்ஸ். ‘சூடோ’ என்றால் நிர்வாகி அதிகாரத்தில் செய். ‘ஆப்ட்’ என்பது டெபியனின் கொள்முதல் ஆள். கடைசியில் இருப்பது நாம் கேட்கும் பொதியின் பெயர்; பொதி என்றால் நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் மூட்டை.

ஒன்று கேட்டால் திரையில் ஒரு பட்டாளமே வரிசைகட்டும். பயப்பட வேண்டாம். ஒரு பொதி தன் வேலைக்கு வேறு பொதிகளை நம்பியிருக்கும். இவற்றைச் சார்புகள் என்போம். வெர்ஷுக்கு லிப்வெர்ட் வேண்டும். மெய்நிகர் கணினிகளின் ஜாதகத்தை லிப்வெர்ட் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதுவதால் அதைப் படிக்க லிப்எக்ஸ்எம்எல் வேண்டும். அதை எழுதியவரும் வெய்யார்தான், லிப்வெர்ட்டுக்குச் சில ஆண்டுகள் முன்பு. கருவி செய்தவர் தன் பழைய கருவியை இதிலும் எடுத்துக்கொண்டார்.

சார்புகள் படுத்திய பாடு பெரியது. விஎம்வேர் ஒரு காலத்தில் தந்த கட்டளை வரித் தொகுப்பு பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதை லினக்ஸில் நிறுவப் போனால், இந்தப் பெர்ல் கூறு இல்லை, அந்தக் கூறின் பதிப்பு பழசு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கருவி ஓடத் தொடங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பின்னால் வந்த கோவிசி என்ற கருவி ஒரே கோப்பு, சார்பு எதுவும் கேட்பதில்லை, இறக்கினால் ஓடும். நிர்வாகிகள் அதை விரும்பியதில் வியப்பில்லை. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, ஒருமுறை காசு கட்டி உரிமம் வாங்கும் முறையையே நிறுத்திவிட, சின்ன அலுவலகங்கள் பலவும் கேவிஎம் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கின.

எங்கிருந்தோ இறங்கும் இந்த மூட்டைகளை எப்படி நம்புவது? டெபியன் தன் பொதிகள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு பொதிக்கும் நேராக, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட எண் இருக்கும். பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பட்டியலுக்கு டெபியன் தன் மின்னணுக் கையொப்பத்தை இடுகிறது. ஆப்ட் முதலில் கையொப்பத்தைச் சரிபார்க்கும், பிறகு இறங்கிய பொதியின் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடும். நடுவழியில் யாராவது மூட்டையைப் பிரித்துக் கட்டியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

விண்டோஸ் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி வழியாக இதையே செய்யலாம். அதன் இரண்டாம் பதிப்பு, உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் கணினியைக் கிளப்பி அதில்தான் லினக்ஸை ஓட்டுகிறது. மெய்நிகர் கணினியை ஆள ஒரு மெய்நிகர் கணினி!

காலிப் பட்டியல்

கருவி வந்துவிட்டது. புயலுக்கு முன்பு ஒரு நாள் சர்வருக்கே நேரில் போய், அதன் விசைப்பலகையில் சாதாரணப் பயனராக நுழைந்து, ‘வெர்ஷ் லிஸ்ட் --ஆல்’ என்று அடித்துப் பார்க்கிறார் தம்பி. எல்லாக் கணினிகளையும் காட்டு என்பது பொருள். வருவது தலைப்பு வரி மட்டும். கீழே ஒன்றுமில்லை.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஆடிட்டருக்கு வியர்த்துவிட்டது. “என்ன தம்பி, ஒண்ணுமே காணோமே? டேலி டேட்டா எல்லாம் போச்சா?”

“இல்ல சார், அங்கதான் இருக்கு. நான் வேற ஆள்கிட்ட கேட்டுட்டேன்.”

புதிதாகக் கற்பவர்கள் அநேகமாக எல்லோரும் இடறும் படி இது. லிப்வெர்ட் இரண்டு தனித்தனிப் பேரேடுகள் வைத்திருக்கிறது. ஒன்று ‘சிஸ்டம்’, பெட்டி முழுவதற்கும் பொது. மற்றது ‘செஷன்’, ஒவ்வொரு பயனருக்கும் சொந்தமானது. சாதாரணப் பயனர் யாரிடம் என்று சொல்லாமல் கேட்டால், வெர்ஷ் அவருடைய சொந்தப் பேரேட்டைத் திறந்து காட்டும். அதில் அவர் எதுவும் எழுதியதே இல்லை; ஆகவே காலி. பிழைச்செய்தி வராததற்கும் காரணம் அதுதான்: பிழை நடக்கவில்லை. கேட்ட இடத்திலிருந்து சரியான பதில் வந்திருக்கிறது.

எனவே முகவரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பேசும்போது அந்த முகவரி நீளம்: கியூஎமு வகை ஹைப்பர்வைசரிடம், எஸ்எஸ்ஹெச் பாதை வழியாக, இன்ன பயனராக, இன்ன சர்வரில், ‘சிஸ்டம்’ பேரேட்டை. இத்தனையும் ஒரே வரியில் சாய்கோடுகளுக்கு நடுவே அடங்கிவிடும். இதை அடித்ததும் ஐந்து பெயர்கள் வரிசையாக வரும். பக்கத்தில் ‘ரன்னிங்’ அல்லது ‘ஷட் ஆஃப்’.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், அந்தப் பயனர் சர்வரில் ‘லிப்வெர்ட்’ என்ற குழுவில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். சேர்க்க ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்தவர் நினைத்தால் பெட்டியின் எந்த மூலைக்கும் வழி செய்துகொள்ள முடியும். வீட்டுக்காரரின் கொத்துச் சாவியைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். அலுவலகத்தில் எல்லோரையும் சேர்த்துவைத்தால் வேலை சுலபம் என்று சில இடங்களில் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘யெஸ்’ அடிக்கும் முன்

எஸ்எஸ்ஹெச் என்றேன். தூரத்துக் கணினியோடு மறைகுறியிட்டுப் பேசும் வழி அது. 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைக் கண்டு தாட்டு யுலோனென் எழுதியது.

முதல்முறை ஒரு சர்வரோடு பேசப் போகும்போது அது ஒரு நீண்ட எழுத்துக்கோவையைக் காட்டி, இந்தச் சர்வரை எனக்கு முன்பின் தெரியாது, தொடரட்டுமா என்று கேட்கும். அந்தக் கோவை சர்வரின் அடையாளச் சாவியிலிருந்து கணக்கிட்டது. ஏறக்குறைய அத்தனை பேரும் படிக்காமலே ‘யெஸ்’ அடிக்கிறார்கள். செய்ய வேண்டியது சின்ன வேலை: பெட்டிக்கு நேரில் போகும் நாளில் அந்தக் கோவையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுவது. ஒருமுறை ஒப்பிட்டால் போதும். மடிக்கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் வேறு சாவியோடு அதே பெயரில் யாராவது நின்றால், கத்திக் கூப்பாடு போட்டு இணைப்பை மறுத்துவிடும்.

கருவியை நிறுவுவதில் கடினம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். பொதி இறங்க இரண்டு நிமிடம். யாரிடம் பேசுகிறோம், அவர் அவர்தானா, நமக்கு என்ன உரிமை என்ற மூன்றையும் சரிசெய்யவே மிச்ச நேரமெல்லாம். பிறகுதான் முதல் கட்டளை.

இருபது நிமிடம்

‘வெர்ஷ் ஷட்டௌன் டேலி’ என்று அடித்தால், லிப்வெர்ட் அந்தக் கியூஎமு நிரலுக்குச் சொல்லும். கியூஎமு, குடித்தனக்காரரின் பவர் பட்டனை யாரோ அழுத்தியதாகக் காட்டும். உள்ளே இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ அதை நிஜப் பட்டன் என்றே நம்பி, திறந்த கோப்புகளை மூடி, தரவை டிஸ்க்கில் எழுதி, ஒழுங்காகப் படுக்கப் போகும். முதல் கேள்விக்கு மீதி விடை இதுதான்.

ஆனால் அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. உள்ளே இருக்கும் விண்டோஸ், சேமிக்கவா வேண்டாமா என்று யாரையோ கேட்டுக்கொண்டு நிற்கலாம். வெர்ஷ் சேதியைச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். கணினி உண்மையில் அணைந்ததா என்று மறுபடி பட்டியல் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். மசியாத கணினிக்கு ‘வெர்ஷ் டெஸ்ட்ராய்’ இருக்கிறது. அது டிஸ்க் கோப்பை அழிக்காது. ஓடும் கணினியின் வயரைப் பிடுங்குவதோடு சரி. எழுதிக்கொண்டிருந்த கணக்குப் பாதியில் நின்றுவிடும் என்பதால் அதைக் கடைசி நிமிடத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தும் அணைந்த பிறகு பெட்டியை அணைக்கலாம்.

வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைய விபிஎன் என்ற தனிப்பாதை வைத்துக்கொள்வது அவசியம். சர்வரின் கதவை இணையம் முழுவதற்கும் திறந்துவைத்தால், கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அன்றைக்கே வந்து நிற்கும். அந்தப் பாதையும் மழையில் அறுந்துபோகலாம் என்பதால், யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வயரால் சர்வரோடு இணைத்து, நட் என்ற இலவசத் தொகுப்பை நிறுவிவிடுவது இன்னும் நல்லது. பேட்டரி இறங்கியதும் அதுவே பெட்டிக்கு அணையச் சொல்லும். பெட்டி அணையும்போது குடித்தனக்காரர்களை என்ன செய்வது என்பதை லிப்வெர்ட்டின் ஒரு துணைச்சேவை பார்த்துக்கொள்ளும். அதற்கு இரண்டு வழி உண்டு: ஒவ்வொன்றையும் அணையச் சொல்லலாம், அல்லது நினைவகத்தில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதி உறையவைக்கலாம். இரண்டாவது வழியில், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடரும். ஆனால் உறைந்து எழுந்த கணினியின் கடிகாரம் உறைந்த நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். மூன்று நாள் கழித்துக் கரண்ட் வந்து, அதைக் கவனிக்காமல் டேலியைத் திறந்து ரசீது போட்டால், ரசீதில் புயலடித்த தேதியே விழும். டேலி ஓடும் கணினிக்கு முதல் வழியை வைத்துக்கொள்ளுங்கள்.